கழுகு முத்திரை போட்ட குவளை

திங்கள் காலை ஏழு மணி. பங்களாவில், கணப்படுப்புக்கு மேலே குவளை இல்லை.

1962. இலங்கையில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். காணாமல் போனது பியூட்டர் குவளை, பெரும்பங்கு வெள்ளீயம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒரு வார்ப்புக்காரன் செய்து, அடியில் தன் கழுகு முத்திரையைக் குத்தியிருந்தான். தோட்டத் துரையின் மனைவி துரைசாணியின் தாய்வீட்டுச் சொத்து.

"அதில் யாரும் குடிப்பதில்லை," என்றார் துரைசாணி. "பழைய பியூட்டரில் காரீயம் கலப்பதுண்டு, அது விஷம். இதில் இருக்கிறதா என்று தெரியாது."

இன்ஸ்பெக்டர் சூசைரட்ணம் கேட்டுக்கொண்டார். ஞாயிறு முழுக்கத் துரை குடும்பம் நுவரெலியாவில்; பங்களா பூட்டியிருந்தது. சனிக்கிழமை உள்ளே வந்தவர்கள் இருவர்: தூசி தட்டும் பேச்சியம்மா, பிள்ளைக் காம்பராவுக்குப் பால் வாங்க வந்த ஆயா மரியநாயகி. துரை பேச்சியம்மாவைத்தான் திருடி என்று சொன்னார். மாலைக்குள் குவளை வராவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை, தொழிலாளர் லயத்து அறையும் இல்லை.

பேச்சியம்மா தகரப் பெட்டியைத் தானே கவிழ்த்துக் காட்டினாள்.

"வெள்ளியா இருந்தாலாவது எடுத்தேன்னு சொல்றதுல ஒரு நாயம் இருக்குங்க."

பதினொரு மணி. கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் தூளிகளில் கிடந்தன. அடுப்பில் பித்தளைக் குண்டான். பாலுக்கு மேலே தெரிந்த உட்புறம் வெள்ளையாகப் பளபளத்தது.

"எப்பப் பூசினது?" என்றார் சூசைரட்ணம்.

"நேத்துங்க ஐயா. ஈயம் பூசுறவரு வந்தாரு," என்றாள் மரியநாயகி.

"ஈயம்?"

"அவரே கொண்டாந்தாருங்க."

"அட்டன்ல ஒரு கடையிலயும் ஈயம் கெடையாது. எங்க வீட்டுச் சட்டி மூணு மாசமாக் காத்துக் கெடக்கு."

தூளியை ஆட்டிய மரியநாயகியின் கை நின்றது.

"குவளைய எடுத்தது நீங்கதான். லயம் பூரா தேடினோம். அது உருகி இந்தக் குண்டானுக்குள்ள பூச்சா இருக்கு."



"பழைய பூச்சு தேஞ்சு போச்சுங்க. பால்ல பச்சையா களிம்பு. புள்ளைங்க வாந்தி எடுத்துச்சு. ஆபீசுல கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். அங்க சும்மாக் கெடந்த ஈயந்தானேன்னு எடுத்தேன். மிச்சத்தப் பூசினவரு கூலியாக் கொண்டு போயிட்டாரு."

"பேச்சியம்மா மேல பழி விழுந்தது தெரியும்ல?"

"தெரியுங்க. புள்ளைய விட வந்தப்ப அழுதா. எனக்கு வாய் வரல."

சூசைரட்ணம் துரைசாணி சொன்னதைச் சொன்னார். காரீயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மரியநாயகி குண்டானை வெறுங்கையால் இறக்கி, வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். ஆவி பறந்தது. கான் வெள்ளையாக ஓடி முடியும்வரை நின்றாள்.

"காலையில ஒரு தரம் குடுத்துட்டேங்க," என்றாள். "மொதல்ல பேச்சியம்மா புள்ளைக்கு."