பிளக்கைச் செருகிய கை

“மொதலாளி, இந்த டீக்கு வெந்நியே தேவல,” என்று சிரித்தபடி டம்ளரை வைத்தான் சோணைமுத்து. கரண்ட் போயிருந்தது. ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் கத்தியை மாற்றக் குந்தினான். மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டும் கைமிஷின் அது. நாளெல்லாம் விரலால் அழுத்திப் பிடிக்க முடியாதென்று, அதன் சுவிட்சைப் பனியன் வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டிவைப்பது அந்தப் பட்டறையின் வழக்கம்.

கரண்ட் வந்ததும் வேலை ஓட வேண்டும் என்று, பின்னாலிருந்த முதலாளி குமாரசாமி பிளக்கைச் செருகினார்.

கரண்ட் வந்தது.

சோணைமுத்துவின் காரியம் முடிந்ததும் அவன் மனைவி கருத்தம்மா வீரபாண்டியிலிருந்த அந்தப் பட்டறைக்கே வந்து நின்றாள்.

“பிளக்கப் புடுங்காம அவுக கத்தியத் தொடமாட்டாக. ஆரு சொருகுனது?”

“அவன் புடுங்கவே இல்லீங்க அம்மிணி. போலீசுலயும் அதத்தான் சொன்னனுங்க.”

“சரி. இனி நான் கேக்கல. அவுகளே வந்து கேக்கட்டும்.”

அதன்பின் ஆட்கள் அந்த மிஷினைத் தொடவில்லை. மழை கட்டி இருட்டிய ஒரு மாலை, பனியன் கம்பெனிக்கான கட்டிங் டேபிளைத் தானே முடிக்க உட்கார்ந்தார் குமாரசாமி. கரண்ட் போனது. எதிர்க் கம்பெனியின் இரைச்சல் அடங்கி, சாயத் தண்ணீரின் நெடி மட்டும் ஜன்னல் வழியே ஊறிவந்தபோது, அதற்குள்ளிருந்து சூடேறிய இரும்பின் வாசனையும், கருகிய தேக்குத்தூளின் வாசனையும், அவற்றுக்கு அடியில் ஆறிப்போன டீயின் வாசனையும் மெல்ல எழுந்தன.

பலகையில் புதுத்தூள். தொட்டார். சுட்டது.

ஊதினார். ஐந்து காடிகள். நான்கு நீளம். ஒன்று குட்டை, விலகி.

பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி இடக்கையில் இறுக்கிக்கொண்டார். வலக்கை தானாக இறங்கியது. ஐந்து விரலும் கச்சிதமாக உட்கார்ந்தன. சோணைமுத்துவின் மர இணைப்பு அப்படித்தான். பசை வேண்டாம். இறங்கினால் திரும்ப வராது.

இழுத்தார். வரவில்லை.

டேபிளின் மறுமுனையில் ரவுட்டர் கிடந்தது. சுவிட்சில் கட்டிய துணி ஈரமாய்ச் சிவந்திருந்தது. ஒரு முனகல். பிறகு அலறல். பலகையைக் கடித்துக்கொண்டே, நேர்கோட்டில், அவசரமில்லாமல் வந்தது.

“நாந்தான் சொருகுனேன், சோணை! நாந்தானுங்க!”

நிற்கவில்லை.

தூள் முகத்தில் அடித்தது. மணிக்கட்டில் காற்று பட்டது.

எதிர்க் கம்பெனி ஜன்னல்கள் இருண்டே கிடந்தன. கரண்ட் இன்னும் வரவில்லை.