சாதாரணர் தணிகைவேல்

தணிகைவேல் தன்னைச் சாதாரணர் என்று சத்தியம் செய்த அன்று, தீர்ப்பாயத்தில் ஏசி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் வியர்த்தது.

ஒரு கண்டுபிடிப்பு, துறையின் சாதாரண நிபுணருக்கே தோன்றக்கூடியது என்றால் காப்புரிமை செல்லாது. முன்பெல்லாம் அந்தச் சாதாரணரைக் கற்பனை செய்துகொண்டு வக்கீல்கள் வாயாலேயே அடித்துக்கொள்வார்கள். இப்போது நிகர்மனம் வந்துவிட்டது. ஒருவரின் மூளையைப் படியெடுத்து, விண்ணப்பத் தேதிக்குப் பிந்தைய நினைவுகளை வெட்டிவிட்டு, சிக்கலை அதன்முன் வைப்பார்கள். அது விடை சொல்லிவிட்டால் காப்புரிமை அம்போ.

கணினிச் சில்லுத் தகடுகளை மெருகேற்றும் கூழ் ஒன்றுக்குப் போட்டி நிறுவனத்தின் எஸ்தர் காப்புரிமை வாங்கியிருந்தார். அது நிலைத்தால், அதே கூழைத் தயாரிக்கும் தணிகைவேலின் ஓசூர் ஆலைக்குப் பூட்டுதான். அதனால் அந்தத் துறையில் நாட்டிலேயே கெட்டிக்காரரான அவரைச் சாதாரணர் என்று கூண்டில் ஏற்றியது அவருடைய நிறுவனம். படித்தவர்கள் செய்கிற வேலையா இது?

"ஒரு வார்த்தைதான் சார். சொல்லிட்டு இறங்கிடுங்க" என்றிருந்தார் நிறுவனத்தின் வக்கீல் ரெஹானா.

சொன்னார். எதிரே எஸ்தர் தலைநிமிரவில்லை. தணிகைவேலுக்கும் சேர்த்து அவரே வெட்கப்பட்டார்.

சூட்டில் கூழின் துகள்கள் கட்டிதட்டித் தகட்டைக் கீறுகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். நிகர்மனம் தணிகைவேலின் குரலிலேயே பேசியது. "இதுல என்னங்க இருக்கு. சூட்டுலதானே கட்டிதட்டுது. கூழைக் குளிர வச்சாப் போதும்."

காப்புரிமை ரத்தானது.

வராந்தாவில் எஸ்தரிடம் போனார். "மன்னிச்சிடுங்க மேடம். ஆலையில அத்தனை பேர் பொழப்பு."

"பதில் பெருசில்ல சார். சிக்கல் இதுதான்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஏழு வருஷம் ஆச்சு. அதை என் விண்ணப்பத்துலேருந்து எடுத்துத்தானே உங்க மூளைகிட்ட கேட்டாங்க?"

தணிகைவேலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காரில் ஏறினார்.

நன்றாக வேலை செய்த நிகர்மனத்தை யார் விடுவார்கள்? காப்புரிமை அலுவலகம் அதையே துறையின் நிரந்தரச் சாதாரணராக வைத்துக்கொண்டது.

தண்ணீரே தேவைப்படாத மெருகுக்கூழ் தணிகைவேலின் வாழ்நாள் கனவு. ஒருவழியாக அது கைகூடியபோது விண்ணப்பித்தார். நிகர்மனத்திடம் கேட்டார்கள். கொஞ்சம் செருமிவிட்டு, அவர் செய்முறையை அப்படியே ஒப்பித்தது. விண்ணப்பம் தள்ளுபடி.

"அதுவும் நான்தாங்க. எனக்குத் தோணினது அதுக்குத் தோணாதா?" என்று அதிகாரியிடம் மன்றாடினார்.

"அதைத்தான் சார் சட்டமும் சொல்லுது. சாதாரணருக்கே தோணிடுச்சே." அதிகாரி கொஞ்சம் இரக்கப்பட்டார். "ஒரு வழி இருக்கு. நீங்க சாதாரணர் இல்லைன்னு சத்தியம் பண்ணுங்க. நிகர்மனத்தை மாத்திடுவோம். ஆனா அன்னிக்குச் சொன்னது பொய்ன்னு ஆயிடும். எஸ்தர் மேடத்தோட காப்புரிமை திரும்ப உயிர் பெறும். உங்க ஆலையை மூடணும்."

தணிகைவேல் விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாங்க. நான் சாதாரணந்தான்."

இந்த முறை யாரும் அவரிடம் சத்தியம் கேட்கவில்லை.