வடிசீட்டு

துயில்வடியைக் கழுவ வந்த ரெஜினா, வேலையை முடித்துவிட்டு வடிசீட்டை நீட்டினாள். ஆறு மாதமாக இயந்திரம் வடித்தெடுத்த கவலைகளின் பட்டியல் அது. சட்டத்துக்காகக் கொடுப்பார்கள், யாரும் படிப்பதில்லை. அன்று காலை வேறு வேலை இல்லாததால் தாட்சாயணி படித்தாள்.

தலைமாட்டில் தேங்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிக்கு அவள் கோயில் கட்டாததுதான் குறை. கணவன் முத்தரசு கார் விபத்தில் போனபின் மூன்று மாதம் பொட்டுத் தூக்கமில்லை. காரை ஓட்டிய வரதன் அண்ணன்தான் துயில்வடியை வாங்கி வந்து வைத்தான். கண்ணயரவிடாமல் எந்த நினைப்பு குடைகிறதோ, அதை மட்டும் மூளையிலிருந்து வடித்துவிடும். அன்றிலிருந்து அடித்துப் போட்டாற்போலத் தூக்கம்.

'கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிடுமோ.' 'மகளுக்குச் சளி விடவில்லை.' சிரித்துக்கொண்டே வந்தவள், பட்டியலின் அடியில் போன சர்வீஸ் நடந்த தேதிக்கு நேரே இருந்த வரியில் நின்றுவிட்டாள்.

'நாய் எதுவும் குறுக்கே வரவில்லை. அண்ணன் குறட்டை விட்டான். பிறகுதான் மோதியது.'

எல்லாம் திரும்பி வந்தது. பின்சீட்டிலிருந்து அவள் காதால் கேட்ட குறட்டை. அதை அண்ணனிடம் மட்டும்தான் சொன்னாள். மறுவாரமே பெட்டியோடு வந்து நின்றான்!

உடனே போன் போட்டாள். "அண்ணா, அன்னிக்கு நீ தூங்கிட்டதானே?"

"என்ன தாட்சா இப்படிக் கேட்டுட்ட? நாய் குறுக்க வந்துச்சும்மா. மாப்பிள்ளைக்குப் போய் நான் அப்படிப் பண்ணுவேனா?"

பொய் சொன்னால் அண்ணனுக்கு நாக்கு திக்கும். இன்று திக்கவே இல்லை.

போனை வைத்துவிட்டு ரெஜினாவிடம் திரும்பினாள். "எங்கண்ணன் வீட்லயும் இது இருக்கா?"

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினதுதானேக்கா," என்றாள் ரெஜினா.

தாட்சாயணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தூங்கியதைக்கூட மன்னித்திருப்பாள். அவள் வாயை அடைக்க அவள் நினைப்பையே திருடினானே, பாவி! இப்போது சட்டையைப் பிடித்து உலுக்கவும் வழியில்லை. செய்தவனுக்கே செய்தது தெரியாது.

"போலீசுக்குப் போறேன்."

ரெஜினா நெளிந்தாள். "போன தடவையும் இதேதான்க்கா சொன்னீங்க. காலையில போறேன்னீங்க."

தாட்சாயணி சீட்டில் அந்தத் தேதியை மறுபடி பார்த்தாள்; அன்றிரவே வடித்திருக்கிறது. பிறகு பெட்டியைப் பிடுங்கி அவள் கையில் திணித்தாள்.

"கொண்டு போயிரு."

"தூக்கம் வராதேக்கா."

"வராட்டிப் போகட்டும். அவருக்கு நான் ஒருத்திதான் சாட்சி."

சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.