நீரில் இரண்டு தலைகள்

தண்ணீரில் அவர் ஒருவர்தான். மூச்சு மட்டும் இரண்டு கேட்டது.

கட்டுப்பாட்டு அறையோடு பேசக் காதில் மாட்டியிருந்த கருவியின் கோளாறு என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார் சோதனைப் பிரிவுத் தலைவர். பட்டப்பகல்தான். ஆனால் மூடுபனி கரையையும் அங்கே காத்திருந்த அதிகாரிகளையும் மொத்தமாக விழுங்கியிருந்தது. உப்பும் டீசலும் ரப்பர் உடையின் பழைய வியர்வையும் கலந்த நாற்றம் மூக்கில் ஏற, கழுத்தளவு நீரில் மிதந்தபடி, ஆளில்லாப் படகு தன்னைத் தேடி வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கடலில் விழுந்தவரைத் தானே கண்டுபிடித்துக் காப்பாற்றும் படகு. இன்று அது தேறியாக வேண்டும். போன மாத விபத்துக்குப் பிறகு நீச்சல்காரர்கள் யாரும் இறங்க மாட்டோம் என்றுவிட, வீராப்பாக இவரே இறங்கித் தொலைத்தார்.

போன மாதம் இறங்கியவன் மீசைக்காரன். மிதக்கும் பறவைக்கெல்லாம் படகு நின்று மானத்தை வாங்கியதால், சிறியதாகத் தெரிவதைப் பறவை என்று ஒதுக்கும்படி, யாருக்கும் சொல்லாமல் படகின் கணினி நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தார் இவர். மீசைக்காரனின் தலை மட்டுமே தண்ணீருக்கு மேலே இருந்தது. படகு வேகத்தைக் குறைக்காமலே அவன்மேல் ஏறிக் கொன்றுவிட்டது. அந்த வரியை அழித்துவிட்டு, அவன் குடித்திருந்தான் என்று விசாரணையில் கூசாமல் எழுதிக் கொடுத்தார். கட்டுப்பாட்டு அறையில் திரையைக் கவனிப்பவள் மீசைக்காரனின் அக்கா.

இப்போது காதில் அவள் குரல்.

"சார், திரையில ரெண்டு பேர் தெரியறாங்க."

"விளையாடாதம்மா."

"உங்க முதுகுக்குப் பின்னாலதான் சார்."

திரும்ப நினைத்தார். கழுத்து மறுத்தது. படகை நிறுத்தச் சொன்னார். பொத்தானை அழுத்தியும் நிற்கவில்லை என்றாள், பதற்றமே இல்லாமல்.

"இப்ப ஒருத்தர்தான் சார்."

"நான்தானே?"

"இல்ல. உங்களைப் பறவைன்னு காட்டுது."

இரைச்சல் நெருங்கியது. நேராக. இன்னும் நெருக்கமாக.

"என் தம்பி குடிக்க மாட்டான். சொல்லுங்க சார். கரையில அதிகாரிங்க எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க."

சொன்னார். வரியை, அழித்ததை, பொய்யை. எல்லாவற்றையும் அலறிக் கொட்டினார்.

படகு நின்றது. கைக்கெட்டும் தூரத்தில்.

விம்மியபடி கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினார். அப்போது படகின் மறுபக்கம் தாழ்ந்தது, கனத்த ஆள் ஒருவன் தொற்றி ஏறுவதுபோல. தளத்தில் ஈரக்காலடிகள். ஒன்று. இன்னொன்று. முகப்பில் வந்து நின்றன.

மேலே யாருமில்லை.

படகு மெல்லப் பின்வாங்கியது. இருபது அடி. நாற்பது. பனிக்குள் மறையும்வரை.

பிறகு, முழு வேகத்தில், இரைச்சல்.