இணைக்கை

கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது. நிரஞ்சலாவின் வலக்கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. கன்றின் முன்னங்கால் விரல்களுக்கு அகப்பட்டுவிட்டது. அதை மடக்கிச் சற்றே தள்ளினால் தலை வழிக்கு வரும். தள்ளப் போன கணத்தில் கையுறை கல்லாக இறுகியது.

"ஏனம்மணி, நிறுத்திப்போட்டே?" பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற மயிலாத்தாள் கேட்டாள். பசு அவளுடையது.

"உத்தரவு வரவேணும் அம்மா."

"ஆருகிட்டயிருந்து?"

"டொக்டர் குழந்தைவேலிட்ட இருந்து. அவர் தாராபுரத்தில இருக்கிறார்."

"மாடு இங்கெ, டாக்டரு தாராபுரத்துல. அப்ப இந்தக் கையி ஆருது?"

கையுறையின் பெயர் இணைக்கை. அது சோடியாகத்தான் வரும். ஒன்றை வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர் அணிய வேண்டும். மற்றதை, இந்த நாட்டில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் தன் அறையில் இருந்தபடி அணிந்திருப்பார். இவள் தொடுவதையெல்லாம் அவருடைய விரல்களும் உணரும். அவர் கையை மூடினால் இவள் கை நிற்கும், தளர்த்தினால் நகரும். ஊசியும் கத்தியும்கூட இணைக்கை பட்டால்தான் பூட்டுத் திறக்கும்.

காதுக்குள் ஒரு கனைப்புக் கேட்டது. "டீ குடிச்சிட்டிருந்தனுங்க. காலா, தலையா?"

"கால், சேர். மடக்கித் தள்ளவோ?"

"ம், தள்ளுங்க."

கை தளர்ந்தது. கன்று உயிரோடு வந்தது.

வவுனியாவில் அவள் தன்னந்தனியாக ஒரு வட்டாரத்தையே பார்த்தவள். யானை மிதித்த எருமையைத் தைத்திருக்கிறாள். கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும், அதே மாட்டுக்கு அதே நோய்க்கு அதே மருந்தைக் கொடுக்க இன்னொருவர் தலையசைக்க வேண்டியிருந்தது. மேற்பார்வை ஆணையத்தின் விதி அது. உத்தரவில்லாமல் ஓர் அசைவு நடந்தாலும் மேற்பார்வைக் காலம் முதலிலிருந்து தொடங்கும். மயிலாத்தாளின் கன்று பிறந்த சில மாதங்களில் ஒருமுறை அப்படி நடந்தும் விட்டது. செத்துக்கொண்டிருந்த கன்றை அவள் முந்திக்கொண்டு இழுத்துவிட்டாள். கன்று பிழைத்தது, அவளுடைய இரண்டு வருடம் போனது. முழுப் பதிவு கிடைத்தால்தான் தன் பெயரில் பலகை வைக்கலாம், தன் கைக்குத் தானே பொறுப்பேற்கலாம். அதற்காகத்தான் இவ்வளவும்.

அதற்குப் பிறகு குழந்தைவேல் அவள் கையை நிறுத்த வேண்டிய தேவையே வரவில்லை. அவர் விரலை மூடுவதற்கு முன்பே அவள் நின்றுவிடுவாள். முதலில் அந்தக் காத்திருப்பில் கோபம் இருந்தது. பிறகு அது பழக்கமானது. பிறகு, அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றாக, அது சுகமானது. காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. மாடு செத்தால் அது தாராபுரத்தின் சாவு. தன்னுள் இப்படி ஒருத்தி கால்நீட்டி உட்கார்ந்திருப்பதை அவள் ஒருநாள் கண்டுகொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்து போகச் சொல்லவில்லை.

மேற்பார்வைக் காலம் முடிய இருந்த மாதத்தில் ஆணையம் புதிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. மேற்பார்வை செய்யப்பட்ட எல்லாக் கைகளிடமிருந்தும் இணைக்கை தானாகவே தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டதாம். அது கற்றது முழுக்க இந்த மண்ணில். எனவே உள்நாட்டில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இனி அதுவே இருக்கும். பிழைகள் மிகவும் குறைந்திருப்பதால், உள்நாட்டில் படித்தவர்களும் அதை அணிந்தே வேலை செய்ய வேண்டும். நிரஞ்சலாவின் பதிவைப் பற்றியும் இணைக்கையே முடிவு சொல்லும்.

"என்ற பொழப்ப அது தூக்கிட்டுப் போயிருச்சுங்க," என்று குழந்தைவேல் சிரித்தார். "இந்த வயசுல மறுபடி தொழுவத்துக்குக் கெளம்பணும்."

"அதுக்கு ஆர் சேர் படிப்பிச்சது?"

"நீங்கதான். உங்களாட்ட இருக்கறவங்கதான். பெருமப்படுங்க."

அந்த விதி நடப்புக்கு வந்த முதல் நாளே மயிலாத்தாளின் பசு ஈரக் குதிரைமசால் தீவனத்தைத் தின்று வயிறு உப்பியபோது முதலில் போய்ச் சேர்ந்தவர் குழந்தைவேல். அவரே நிரஞ்சலாவை அழைத்தார். குரலில் டீ குடிக்கும் நிதானம் இல்லை.

அவள் போனபோது உச்சி வெயில். பசுவின் இடது விலாப்புறம் பறையைப் போல இறுகியிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. விலா முடியும் இடத்துப் பள்ளத்தில் வயிற்றுக் காற்றை வெளியேற்றும் துளைக்குழாயின் முனையை வைத்தபடி குழந்தைவேல் நின்றிருந்தார். கை அசையவில்லை.

"குத்த உட மாட்டேங்குதுங்க. உங்க கையிலயிருந்து படிச்சதுதான? உங்களுக்கு உடுதான்னு பாருங்க."

அவள் குழாயை வாங்கி முனையைத் தோலில் வைத்தாள். அவளுடைய இணைக்கையும் இறுகியது.

"எதுக்கு நிக்குது?"

"உத்தரவுக்கு, சேர்."

"ஆரோட உத்தரவுக்கு? மேல ஒருத்தருமில்லியே."

"உங்கட உத்தரவுக்குத்தான். தோலைத் தொட்டதும் நாங்கள் எல்லாரும் நிண்டுதானே பழகினனாங்கள். நிக்கிறதும் வைத்தியம் எண்டு அது படிச்சிட்டுது."

"நாந்தான் சொல்றேன்ல, குத்துன்னு." அவர் தன் கையுறையைப் பார்த்துச் சொன்னார். அதற்கு அவர் யாரென்று தெரியவில்லை. அவரும் அதை அணிந்திருக்கும் ஒரு கைதான்.

"நீங்க பேசி முடிங்க, மாடு போய்ச் சேரட்டும்." மயிலாத்தாள் உள்ளே ஓடிக் காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். "எங்கென்னு காட்டுங்க. நா குத்தறேன்."

கத்தியைப் பார்த்த குழந்தைவேல் தன் கையுறையைப் பார்த்தார். பிறகு வேலியோரம் நின்ற முருங்கையைப் பார்த்தார். கழற்றினால் பதிவு போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

நிரஞ்சலா இணைக்கையைக் கழற்றினாள். மணிக்கட்டுப் பகுதியிலிருந்த அதன் கேமராக் கண் பசுவைப் பார்த்தபடி இருக்க, அதைத் தீவனத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். கத்தியை வாங்கினாள். வெறும் விரல்களால் பள்ளத்தைத் தடவினாள். வெயிலில் காய்ந்த மயிரும் அதனடியில் பதறும் தோலும் எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேரடியாகக் கையில் பட்டன. இடம் சரி. ஆழம் தெரியும். முனையைத் தோலில் வைத்தாள்.

கை நின்றது.

அவளுக்கே முதலில் புரியவில்லை. கையைப் பிடிக்க ஒன்றுமில்லை. அவள் காத்திருந்தாள். உள்ளே கால்நீட்டி உட்கார்ந்திருந்தவள் எழவில்லை. பின்னால் நின்ற குழந்தைவேல் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் அவள் கை நிற்கும்போதெல்லாம் அவள் இடம் பார்க்கிறாள் என்றே நினைத்துப் பழகியவர், இப்போதும் அப்படித்தான் நினைத்தார்.

பசுவின் முன்னங்கால்கள் மடிந்தன.

"குத்து புள்ளே," என்றாள் மயிலாத்தாள். அதற்குப் பிறகே கத்தி இறங்கியது. காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது, நீண்ட நேரம் வந்தது. பசு மூச்சு விடவில்லை. கண் திறந்தபடியே இருந்தது.

மயிலாத்தாள் அழவில்லை. கத்தியை வாங்கித் துடைத்தாள். "உனக்குத் தெரியாம நின்னிருந்தா மனசு ஆறியிருக்கும்," என்றாள். "தெரிஞ்சுட்டே நின்னியே."

அடுத்த வாரம் குழந்தைவேல் தொலைபேசியில் அழைத்தார். தொட்டி விளிம்பிலிருந்து இணைக்கை எல்லாவற்றையும் பார்த்திருந்தது. கழற்றியது குற்றம்தான் என்றாலும், வெறுங்கையாலும் உத்தரவில்லாமல் வெட்டாதவருக்கு இனி மேற்பார்வை அவசியமில்லை என்று அது முடிவு சொல்லிவிட்டது. இந்த மாவட்டத்தில் முழுப் பதிவு பெற்ற முதல் வெளிநாட்டுப் பட்டதாரி அவள்தான்.

"இனி நீங்க ஆரையும் கேக்க வேண்டியதில்லீங்க," என்றார்.

"ஓம், சேர்." அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். "அப்ப, என்ர பேரில பலகை வைக்கலாமோ, சேர்?"

அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள்.

"ம், வையுங்க," என்றார்.