நாலாவது ஸ்ட்ரெச்சர்

எஞ்சினே இல்லாத வண்டியில் எஞ்சின் மூடி சுட்டது. இசக்கிசெல்வி வெடுக்கென்று கையை எடுத்தாள். மூக்கில்லாத, தட்டை முகத்துப் பழைய வண்டி அது; டிரைவர் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுகிற ரகம். இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெறும் பள்ளம், கீழே தரையில் முளைத்த புல். வெயிலில் காய்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லலாமென்றால், ஒரகடத்தில் விடிந்ததிலிருந்து மழை. கொட்டகைத் தகரம் தடதடத்துக்கொண்டே இருந்தது.

"இன்னா வண்டின்னு பாத்துச் சொல்லுக்கா," என்றான் ஜெகதீஷ். பழைய வண்டி வாங்கி விற்கிறவன். பக்கத்து வீடு, அவளுக்குக் கூடப்பிறக்காத தம்பி.

"ஏல, நீ உள்ள வரலியா?"

"அந்த நாத்தம் எனக்கு ஒத்துக்கலக்கா."

இசக்கிசெல்வியின் அப்பா பட்டாளத்து டிரைவர். ஃபேக்டரி லீவு நாளில் இப்படி வண்டி பார்ப்பதென்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். பின் அச்சின் உருண்டைக்கு வெள்ளை பூசி, மேலே குட்டி விளக்கு வைத்திருந்தது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவனுக்கு அதுதான் வழிகாட்டி. சந்தேகமே இல்லை, பட்டாளத்து வண்டிதான். பீரங்கி இழுத்ததா, ஆள் சுமந்ததா என்று பார்க்கப் பின்பெட்டிக்குள் ஏறினாள்.

டிங்சர் வாடை, நனைந்த கம்பளி வாடை, அதற்கெல்லாம் அடியில் துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தது போல ஒரு கரிப்பு. பக்கத்துக்கு இரண்டாக நாலு ஸ்ட்ரெச்சர். ஆம்புலன்ஸ்தான். நாலிலும் யாரும் இல்லை. ஆனாலும் மூன்றில் வார்கள் இறுக்கிக் கட்டியிருந்தன; கேன்வாஸ் கனத்துத் தொங்கியது.

ஒன்று மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுவது போல.

ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ரத்த வகை எழுதியிருந்தது. மூன்றும் உரிந்த பழைய பெயின்ட். நாலாவதில் பெயின்ட் காயாமல் விரலில் ஒட்டியது. ஏபி நெகட்டிவ். அவளுடையது. நம்பர் பிளேட் எழுதுகிற ஜெகதீஷின் அதே சுழித்த எழுத்து.

அவனுக்குத் தெரியாதா என்ன? அவன் பெண்டாட்டி வினோதினி பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது ஊரெல்லாம் தேடி, கடைசியில் இவள் ரத்தம்தான் பிழைக்க வைத்தது.

கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி இல்லை.

"ஜெகா. கதவத் தொற."

"மன்னிச்சிருக்கா." வெளியே அழுதான். "இந்த வண்டி வினோதினியத்தான் கேட்டுச்சு. அதே ரத்தம் இன்னொருத்தர்கிட்ட கீதுன்னு சொல்லிட்டேன்."

"எம் ரத்தத்த வாங்கிட்டுத்தானல அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன?"

கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். குனிந்த தலை நிமிராமல், புது வண்டிக்கு வைப்பது போல அவன் சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான்.

எஞ்சின் உறுமியது.

இல்லாத எஞ்சின்.

பழம் நசுங்கிய சத்தம். வண்டி நகர்ந்தது. நாலாவது ஸ்ட்ரெச்சரின் சுருண்டிருந்த வார் அவிழ்ந்து, அவள் கையில் ஏறி, முழங்கைக்கு மேலே சுற்றியது. வினோதினிக்கு ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரியில் ரப்பர் கட்டிய அதே இடம். அங்கேதான் அது மெல்ல இறுகியது.