கட்டை வைத்தவன்

ஜனவரி மாதத்தில் கரடிப்பல் ஏரியின் மேல் மழை பெய்தது.

மினசோட்டாவின் அந்த வடகோடியில் ஜனவரி என்றால் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிர். ஆனால் அந்த வாரம் தெற்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்று வந்து இறங்கி, போக மனமில்லாமல் அங்கேயே கிடந்தது. கூரைகள் சொட்டின. ஏரியின் உறைந்த தளத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்கு மேல் மூடுபனி, பால் கொட்டினதுபோல.

ஐலாவும் அவள் கணவன் வெண்டலும் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பனிவண்டியின் பின்னால் ஒரு சறுக்குப் பலகை. அதில் இரண்டு ஜாக்கிகள், ஒரு கடப்பாரை, சதுரமாக அறுத்த மரக்கட்டைகள்.

தூண்டில் இரை விற்கும் டார்லா, கடை வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்று அவர்களைப் பார்த்தாள்.

"இந்த மூட்டத்துலயா போறீங்க?"

"நாளைக்குக் குளிர் திரும்புதாம். இன்னைக்குக் கட்டை மேல தூக்கி வைக்கலேன்னா மீன்பிடிக் குடிலெல்லாம் ஏரியோட அப்படியே ஒறஞ்சு போயிடும்" என்றான் வெண்டல்.

"போனா போகட்டும்னு எல்லாரும் வீட்ல குந்தியிருக்காங்க. நீ ஒருத்தன்தான் துடிக்கிற."

"அவங்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்குச் சோறு."

டார்லா சிரிக்கவில்லை. ஐலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வருஷமும் இதே மாதிரிதான் இருந்துச்சு, பொண்ணே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

ஐலாவுக்கு அதை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. போன வருஷம் இதேபோல நடுக்குளிரில் பனி இளகியபோதுதான் அவள் அண்ணன் ஓனி தன் சின்ன லாரியோடு தளம் உடைந்து ஏரிக்குள் போனான். வடக்குப் பக்கம் ஏரியின் அடியிலிருந்து ஊற்று பொங்கும் ஓர் இடம் உண்டு. எந்தக் குளிரிலும் அங்கே தளம் மெலிதாகத்தான் இருக்கும். மூட்டத்தில் வழி தவறி அங்கே போய்விட்டான் என்றார்கள். லாரியைச் சங்கிலி போட்டு இழுத்து எடுத்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. முக்குளிப்பவர்கள் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

உறைந்த ஏரியின் மேல் நிறுத்தி, தரையில் துளை போட்டு மீன் பிடிக்க வாடகைக்கு விடும் அந்தக் குடில்கள் ஓனியும் வெண்டலும் கூட்டாகப் போட்ட தொழில். இப்போது முழுவதும் வெண்டலுடையது.

கரையிலிருந்து குடில்கள் வரைக்கும் வழிக்கு அடையாளமாகக் கிறிஸ்துமஸ் மரங்கள் நடப்பட்டிருந்தன. பண்டிகை முடிந்து ஊரார் தெருவில் எறியும் மரங்களைப் பொறுக்கி வந்து, தளத்தில் துளை போட்டு, தண்ணீர் ஊற்றி உறைய வைத்து நிறுத்துவார்கள். மூட்டமானாலும் இருட்டானாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டே போனால் கரை வந்துவிடும். வெண்டல் மெதுவாகத்தான் ஓட்டினான். மூட்டத்திலிருந்து ஒவ்வொரு மரமாக வந்து, பக்கத்தில் நின்று, பின்னால் கரைந்தது. சிலவற்றில் ஜரிகை இழைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

முதல் குடிலில் வேலை சுலபமாகத்தான் ஆரம்பித்தது. வெண்டல் ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து ஏற்றினான். குடில் முனகிக்கொண்டு எழுந்தது. ஐலா முழங்காலிட்டுக் கட்டையை உள்ளே தள்ளினாள்.

"விரலைப் பாத்துக்க. அப்புறம் எனக்கு யாரு சமைக்கிறது?"

"நீ ஆக்கிப் போட்டு ஒரு நாளாவது நான் சாப்பிடணும். அதுக்காகவே விரலைக் குடுக்கலாம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மூட்டத்துக்குள் போய்த் திரும்பி வரவே இல்லை. ஏரி அவ்வளவு அமைதியாக இருந்தது. நல்ல குளிரில் தளம் இறுகும்போது இடிபோல முழங்கும், விம்மும். இளகிய நாளில் சொட்டும் சத்தம் மட்டும்தான்.

இரண்டாவது குடிலையும் தூக்கி வைத்துவிட்டு மூன்றாவதுக்கு வந்தார்கள். வெண்டல் ஜாக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"என்ன?" என்றாள் ஐலா.

"இதை யாரோ தூக்கி வெச்சிருக்காங்க."

அவள் வந்து பார்த்தாள். குடில் தண்ணீருக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், மட்டம் பார்த்ததுபோல நேராக நின்றது. அடியில் நான்கு மூலையிலும் கட்டைகள். இரண்டு நெடுக்காக, அவற்றின் மேல் இரண்டு குறுக்காக.

அவை அறுத்த கட்டைகள் இல்லை. வெகுகாலம் தண்ணீருக்குள் கிடந்து கறுத்த மரத்துண்டுகள். பாசி வழவழத்தது. பிளவுகளில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. ஐலா ஓர் ஓட்டைத் தொட்டாள். உள்ளே இருந்தது மெல்லச் சுருங்கியது.

உயிரோடு இருந்தது.

"டார்லாவோட மருமகன் வந்திருப்பான்" என்றான் வெண்டல்.

"இந்த மரத்தை எங்கேருந்து எடுத்தான்?"

"எனக்கென்ன தெரியும்? உதவி செஞ்சான்னா வாங்கிக்க. கேள்வி கேக்காத."

அவன் குரல் மாறிவிட்டிருந்தது. நான்காவது குடிலும் அப்படியே கட்டைகளின் மேல் நின்றது. ஐந்தாவதும். நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு. அப்படி அடுக்குகிற ஒரே ஆளை ஐலாவுக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நழுவாது என்று அவன் சொல்லுவான். வெண்டலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான்.

அவள் குடிலின் கதவைத் திறந்தாள். ஏரியின் அடிச்சேற்று வாடை முகத்தில் அறைந்தது. தரையில் மீன்பிடிக்கும் துளையைச் சுற்றி ஈரமான காலடித் தடங்கள். துளையிலிருந்து வெளியே வந்தவை. துளைக்குள் திரும்பிப் போனவை. வாசல் பக்கம் ஒன்றுகூட இல்லை.

துளையில் தண்ணீர் மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது.

மறுபடியும் ஏறியது.

ஐலா கதவைச் சாத்தினாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் வேறொன்றும் இருந்தது. சின்ன வயதில் அண்ணன் பின்னாலேயே இந்தத் தளத்தின் மேல் தத்தித் தத்தி நடந்து வருவாள். அவன் திரும்பிப் பார்த்து "வாத்து, வர்றியா?" என்பான். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. குடில்களைப் பத்திரமாகத் தூக்கி வைத்திருக்கிறது யாராக இருந்தாலும், அவளுக்காகத்தான் வைத்திருக்கிறது என்று தோன்றியது.

"போலாம்" என்றான் வெண்டல். ஜாக்கியைக்கூட எடுக்கவில்லை. "வேலைதான் முடிஞ்சுதே. போலாம் வா."

திரும்பி வரும்போது மூட்டம் இன்னும் இறுகியிருந்தது. வண்டியின் விளக்கு வெளிச்சம் சுவரில் பட்டதுபோலப் பட்டு நின்றது. ஒரு மரம் வந்தது. இன்னொன்று வந்தது. பச்சையாக, ஜரிகையோடு.

அடுத்த மரம் அப்படி இல்லை.

வெண்டல் வண்டியை நிறுத்தினான்.

ஓர் இலைகூட இல்லாத கறுத்த எலும்புக்கூடு. கிளைகளில் நீர்ப்பாசி கந்தல்போலத் தொங்கியது. அடியிலிருந்து சேறு வழிந்து தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது, இப்போதுதான் நட்டு வைத்ததுபோல. அதற்கு அப்பால் அதேபோல இன்னொன்று. அதற்கப்பால் ஒரு நிழல்.

"போகும்போது இது இல்ல" என்றாள் ஐலா.

பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு வெண்டலின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அவன் பேசினான். அவளிடம் அல்ல.

"நாலே நாலு மரம்தான், ஓனி."

மூட்டம் அசையவில்லை.

"நாலு மரத்தைப் புடுங்கி வடக்கால நட்டேன். வண்டி கூழ்ப்பனில சிக்கும், ஒரு ராத்திரி கெடந்து நடுங்குவ, தொழிலைப் பிரிக்கிற பேச்சை விட்டுடுவன்னு நெனச்சேன். அவ்வளவுதான். நீ ஊத்து வரைக்கும் போவேன்னு நான் கண்டேனா?"

"வெண்டல்" என்றாள் ஐலா. "இந்த மரமா?"

"லாரி உள்ள போன ஓட்டையிலதான் போட்டேன். நாலையும். விடியறதுக்குள்ள பழைய எடத்துல வேற மரம் நட்டுட்டேன்." அவன் திரும்பினான். அவன் முகம் அவளுக்குத் தெரியாத ஒருவனின் முகம்போல இருந்தது. "பாரு, என்னையும் அதே மாதிரி இழுத்துட்டுப் போகப் பாக்கறான். இந்த மரத்தைப் புடிச்சுப் போனா நேரா ஊத்துதான். நான் ஏமாற மாட்டேன்."

ஐலாவின் காதருகே, மிகவும் அருகே, ஈரமான ஒரு மூச்சு.

"வாத்து. எறங்கிக்க."

அவள் இறங்கினாள். தண்ணீர் காலணிக்கு மேல் ஏறியது. அடியில் காலை வைத்தபோது ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. பக்கத்தில் ஒரு மேடு. மறுபடியும் பள்ளம். மத்தியானம் அவர்கள் வந்த வண்டியின் தடம். கூழ்ப்பனியில் ஆழமாகப் பதிந்து, தண்ணீருக்கு அடியில் அப்படியே இருந்தது. அது அந்தக் கறுத்த மரங்களை ஒட்டி நேராகப் போனது.

மரங்கள் பொய் சொல்லவில்லை. சரியான வழியில்தான் நின்றன.

"ஏறு" என்றான் வெண்டல். "மரம் இல்லாத பக்கம்தான் கரை. இடது பக்கமா போயிடலாம். ஏறுடி."

இடது பக்கம் வடக்கு.

அவள் ஏறவில்லை. வெண்டல் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்ததுபோலத்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். கால் பெருவிரலால் அந்தப் பள்ளத்தை அழுத்திக்கொண்டு அவள் நின்றாள். ஆளில்லாத லாரி சங்கிலியில் தொங்கிக்கொண்டு தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. அன்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்ன கை யாருடையது என்பதும்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

"நீ எப்படியோ போ" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை முறுக்கினான். சிவப்பு விளக்கு மூட்டத்துக்குள் சிறுத்தது. சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நடுவில் அறுந்தது.

தளம் உடைகிற ஓசை பெரிதாக இல்லை. ஈரத்துணி கிழிவதுபோல இருந்தது.

அவன் கூப்பிட்டான். ஒரு தடவை அவள் பெயரை. அப்புறம் ஓனியின் பெயரை. அதற்குப் பிறகு அவன் பேசியது கெஞ்சலாக இருந்தது. எட்ட இருந்த யாரிடமோ அல்ல, தன் காலைப் பிடித்திருக்கிற யாரிடமோ பேசுவதுபோல.

பிறகு சொட்டும் சத்தம்கூட இல்லை.

ஐலா தடத்தைக் காலால் தடவித் தடவி நடந்தாள். ஒவ்வொரு கறுத்த மரத்தையும் கடக்கும்போது அது பின்னால் தண்ணீரில் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் டார்லா விளக்கோடு நின்றிருந்தாள்.

வெண்டலை மறுநாள் எடுத்தார்கள். இடுப்பு வரை ஏரிச்சேற்றில் புதைந்து, நட்டு வைத்ததுபோல நின்றுகொண்டிருந்தான் என்று முக்குளித்தவர் சொன்னார். அவ்வளவு ஆழம் ஒருவன் தானாகப் புதைய முடியாது என்றும் சொன்னார். அப்புறம் அதைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். ஷெரீப் ஐலாவிடம் கேட்டார். மூட்டத்தில் வழி தவறிவிட்டான் என்றாள். போன வருஷம் அவளிடம் சொல்லப்பட்ட அதே சொற்கள்.

அன்றிரவே குளிர் திரும்பியது. ஏரியில் மற்றவர்களின் குடில்களெல்லாம் கல்லுக்குள் பதிந்ததுபோல மாட்டிக்கொண்டன. ஐலாவுடையவை மட்டும் தண்ணீர் படாமல் நின்றன. மார்ச்சில் அவற்றை விற்றுவிட்டு, தெற்கே ஏரி கண்ணில் படாத ஒரு சோள நிலத்து ஊரில் குடியேறினாள். கீழே முடிதிருத்தும் கடை, மாடியில் அவள் அறை. அண்ணனின் குரல் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நன்றாகத் தூங்கினாள். இலையுதிர்காலம் போனது, பனி வந்தது.

ஜனவரியில் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய பனிக்கூர்கள் சொட்டத் தொடங்கின.

காலையில் எழுந்தபோது அறையின் நடுவில், மரத்தரையில், வட்டமாக ஓர் ஈரம் இருந்தது. தட்டு அளவு. துடைத்தாள். திரும்ப ஊறியது. குழாய் வேலைக்காரர் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் குழாயே போகவில்லை என்றார். கீழே கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, தன் கூரை காய்ந்துதான் இருக்கிறது என்றார்.

சாயங்காலம் அவள் தரையில் மண்டியிட்டு அந்த ஈரத்தில் கை வைத்தாள். தாங்க முடியாத குளிர். சேறும் பெட்ரோலும் கலந்த வாடை. காதை வைத்துக் கேட்டாள்.

கீழே, முடிதிருத்தும் கடை இருக்க வேண்டிய இடத்தில், ஆழமான தண்ணீர் அசைந்தது.

அதற்குள்ளிருந்து யாரோ பொறுமையாக, நடுங்கும் பற்களுக்கு இடையில், அவளிடம் கேட்டார்கள்.

"ஐலா, எந்தப் பக்கம்?"

அது ஓனியின் குரல் இல்லை.

அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வட்டம் கட்டிலின் கால் வரைக்கும் வந்திருந்தது.